மாரியில் திருகோணமலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே முதல் செப்டெம்பர் வரை, திருமலை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் திருகோணமலைக்கு வருபவர்களுக்கு வழி சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒக்டோபர் பிறந்ததும் அந்தக் குரல்கள் அடங்கிவிடும். ஆனால் ஆட்கள் வருவது நிற்பதில்லை. டிசம்பரில் மட்டும் விடுமுறை கிடைக்கிற வெளிநாட்டு உறவினர்கள், கோணேசரைக் கும்பிட வரும் தமிழ்நாட்டு அடியார்கள், கொழும்பில் வேலை செய்துவிட்டு நாலு நாள் ஓய்வெடுக்க நினைக்கும் இளம் குடும்பங்கள் எல்லாரும் மாரியிலும் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, இந்த ஊரில் மாரியும் கோடையும் கழிக்கும் ஒருவரின் பதில்கள் இவை.

திருமலையில் மழைக்காலம் சரியாக எப்போது?

கொழும்பு, காலி பக்கம் மழை கொட்டும் மே, ஜூன் மாதங்களில் எங்களுக்குக் கச்சான் காற்றும் வெயிலும்தான். எங்கள் மழை வாடைக்காற்றோடு வருவது. ஒக்டோபரில் இடியும் மின்னலுமாகத் தொடங்கும். நவம்பர், டிசம்பர் இரண்டும் உச்சம். ஜனவரியில் குறையத் தொடங்கி, பெப்ரவரியில் ஓரளவு ஓய்ந்துவிடும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,600 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களிலேயே இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கரையில் இருந்து வருபவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது. நாகப்பட்டினத்துக்கும் எங்களுக்கும் ஒரே மழைதான்.

நாள் முழுக்கப் பெய்துகொண்டே இருக்குமா?

இல்லை. ஒக்டோபரிலும் நவம்பர் முற்பகுதியிலும் காலை வெளிச்சமாக இருந்து, பின்னேரம் கறுத்து, இடியோடு இரண்டு மணி நேரம் பெய்து ஓய்வதுதான் வழக்கம். அந்த நாட்களில் வெளிவேலை எல்லாவற்றையும் மதியத்துக்கு முன் முடித்துவிடலாம்.

நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு போக்கு மாறும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால் இரண்டு, மூன்று நாள் விடாமல் பெய்யும். அது கடந்த பிறகு கழுவித் துடைத்த வானமும் இளவெயிலுமாக நாலைந்து நாள் கிடைக்கும். ஆகவே "டிசம்பரில் மழை பெய்யுமா" என்று ஒரு மாதத்துக்கு முன் கேட்பதில் பயன் குறைவு. "வரும் நாலு நாளில் தாழமுக்கம் இருக்கிறதா" என்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்ப்பதுதான் பயன் தரும். தொலைபேசியில் தெரியும் மழைக்குறிகள் மாரியில் தினமும் மழை என்றே காட்டும். அதைப் பார்த்துப் பயணத்தை நிறுத்தவேண்டாம்.

அப்படியானால் மாரியில் வரலாமா, வேண்டாமா?

வரலாம். ஆனால் கடலில் இறங்குவதற்காக வரவேண்டாம். மற்றக் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதிலெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நீச்சல், பவளப்பாறை, திமிங்கிலம், மணலில் படுத்துக் கிடப்பது ஆகியவைதான் உங்கள் விருப்பம் என்றால் மே மாதம் வாருங்கள். மலை, கோயில், கோட்டை, துறைமுகம், குளங்கள், பச்சை வயல், நெரிசல் இல்லாத வீதிகள் போதும் என்றால் மாரியைப் போல ஒரு காலம் திருமலைக்குக் கிடையாது. கோடையில் இங்கே புல் காய்ந்து பழுப்பாகி, பாறை நெருப்பாகக் கொதிக்கும். மாரியில் வரும் ஆள்தான் இந்த ஊரின் நிறத்தைப் பார்க்கிறார்.

கடலில் குளிக்க முடியாதா? கரையோரமாகக் கால் நனைத்தால் கூடவா ஆபத்து?

முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகள் இரண்டுக்கும் கிழக்கே திறந்த கடல். கோடையில் கச்சான் காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசுவதால் நீர் கண்ணாடி போல் கிடக்கும். மாரியில் காற்று கடலில் இருந்து நேரே கரைக்கு அடிக்கிறது. அலை மணலை அரித்து இழுத்துப் போவதால், கோடையில் இடுப்பளவு ஆழத்துக்கு மெல்லச் சரிந்திருந்த கரை, இப்போது இரண்டு அடி வைத்ததும் திடீரென்று இறங்கும். கரையில் மோதிய நீர் ஒடுக்கமான வழியாகத் திரும்பி ஓடும்போது நல்ல நீச்சல்காரரையும் இழுத்துப் போகும். வெளியில் இருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை குறைவாக, பாதுகாப்பானது போலத் தெரியும். அங்கேதான் ஆட்கள் இறங்குகிறார்கள்.

குழந்தைகளைக் கால் நனைக்க விடும்போது கையைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். அலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கவேண்டாம். மீனவர்கள் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து ஏற்றி வைத்திருந்தால் அதைவிடத் தெளிவான எச்சரிக்கைப் பலகை எதுவும் தேவையில்லை. அவர்களுக்குத் தெரியாத கடல் நமக்குத் தெரியப்போவதில்லை.

இழுவையில் அகப்பட்டுவிட்டால் கரையை நோக்கி நேரே நீந்திக் களைக்கவேண்டாம். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுக்கும் ஓட்டத்தின் அகலம் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். காப்பாற்றப் போகிறவர்கள் மிதக்கக்கூடிய ஏதாவது ஒன்றைக் கொண்டு போகவேண்டும். வெறுங்கையோடு பாய்ந்த உறவினரையும் சேர்த்து இழந்த குடும்பங்கள் கடற்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன.

சீனன்குடாப் பக்கம் விமானப்படையின் பொறுப்பில் உள்ள மார்பிள் கடற்கரை, குடாவுக்குள் ஒதுங்கி இருப்பதால் நிலாவெளியைவிட அமைதியானது. அங்கேயும் காவலில் நிற்பவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

புறாமலைக்குப் படகு ஓடுமா? திமிங்கிலம் பார்க்கலாமா?

இரண்டும் கோடைக்கு உரியவை. நிலாவெளிக் கரையில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கும் புறாமலைத் தீவு 2003-இல் தேசியப் பூங்காவானது. தூரம் குறைவுதான், ஆனால் மாரிக் கடலில் அந்த ஒரு கிலோமீற்றரே போதும் படகு கவிழ. கலங்கிய நீரில் பவளமும் தெரியாது. "நான் கொண்டுபோகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்கவேண்டாம்.

கடல் இல்லாவிட்டால் அங்கே என்னதான் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் முதலில் உட்துறைமுக வீதிக்குத்தான் அனுப்புவேன். வெளியே டச்சுக் குடாவில் அலை உறுமிக்கொண்டிருக்கும். நகரத்தைக் குறுக்கே கடந்து உட்துறைமுகப் பக்கம் வந்தால் நீர் அசையாமல் கிடக்கும். நடுவில் சிறிய நிலத்துண்டுதான். மலைமுனைகள் கைகோத்து நிற்பதால் வாடைக்காற்றின் அலை உள்ளே வருவதில்லை, ஆழமும் நிறைய.

இந்த ஊரின் வரலாறே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பாய்க்கப்பல் காலத்தில் ஒக்டோபர் வந்தால் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்கள் நிற்கமுடியாது. சென்னையில் அப்போது கட்டிய துறைமுகம் இல்லை, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கவேண்டும். புயல் வந்தால் கப்பல் போய்விடும். வங்காள விரிகுடாவின் மேற்குப் பக்கத்தில் மாரியிலும் ஒரு கடற்படை முழுவதும் ஒதுங்கி நிற்கக்கூடிய இயற்கைத் துறை திருமலை. அதனால்தான் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் இதற்காக அடித்துக்கொண்டார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடம் இருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அதை அவர்களிடம் இருந்து பறித்தார். 1795-இல் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போய் சுதந்திரத்துக்குப் பிறகும், 1957 வரை, கடற்படைத்தளம் அவர்களிடமே இருந்தது. 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இந்தத் துறைக்காகத்தான். சீனன்குடாக் காட்டுக்குள் இன்றும் நிற்கும் எண்ணெய்க் குதங்கள் அந்தக் காலத்தவை.

கோடையில் வருகிறவர் இரண்டு பக்கமும் அமைதியான நீரையே பார்க்கிறார். உட்துறைமுகத்துக்காக ஏன் இத்தனை இரத்தம் சிந்தினார்கள் என்பது அவருக்குப் புரியாது. டிசம்பரில் ஒரு பின்னேரம் இரண்டு கரைகளிலும் பத்துப் பத்து நிமிடம் நின்றால் புரிந்துவிடும். கரையோரத்தில் பழைய ஒல்லாந்தர் காலக் கட்டடம் ஒன்றில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் உள்ளே ஒதுங்க நல்ல இடம். நிலாவெளி வீதியில் உப்புவெளிக்கு அருகே இரண்டாம் உலகப்போர்க் கல்லறை இருக்கிறது. பச்சைப் புல்லும் வரிசைக் கற்களுமான அந்த இடத்தை மாரியில் ஆறுதலாகச் சுற்றிப் பார்க்கலாம்.

மழையில் கோணேசர் மலைக்கு ஏறலாமா?

தாராளமாக ஏறலாம். சம்பந்தர் பாடிய தலம். அந்தப் பதிகத்தில் இரையும் கடல் வருகிறது. மாரியில் கோயில் முன்றலில் நின்று கீழே பாறையில் அலை வெடிப்பதைக் கேட்டால் அந்தப் பாட்டுக்குப் பொருள் தேடவேண்டியதில்லை. 1622-இல் போர்த்துக்கீசர் பழைய கோயிலை இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டு கட்டியதுதான் நீங்கள் உள்ளே நுழையும் கோட்டை. இப்போதுள்ள கோயிலின் குடமுழுக்கு 1963-இல் நடந்தது.

பாதை கோட்டைக்குள்ளால் ஏற்றமாகப் போகும். செருப்பைக் கழற்றியபின் நனைந்த பாறையிலும் படியிலும் வெறுங்காலோடு நடக்கவேண்டும். வழுக்கும். முதியவர்களுக்கு ஒரு கை கொடுங்கள், ஓட்டோவில் முடிந்தவரை மேலே கொண்டுவாருங்கள். காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும் என்பதால் மழைக்கோட்டு நல்லது. இராவணன் வெட்டு என்னும் பாறைப்பிளவுப் பக்கம் வேலிக்கு வெளியே எட்டிப் பார்க்கவே வேண்டாம். மின்னல் வெட்டும்போது உச்சியில் நிற்கவேண்டாம். கோயில் மண்டபத்துக்குள் இருந்து, ஓய்ந்த பிறகு இறங்குங்கள்.

கோட்டைக்குள்ளும் ஊருக்குள்ளும் புள்ளிமான்கள் திரியும். மழையில் மரத்தடியிலும் கட்டட ஓரங்களிலும் ஒதுங்கி நிற்கும்போது குழந்தைகள் கிட்டப் போக ஆசைப்படுவார்கள். பார்க்கட்டும், ஆனால் பிஸ்கட்டையோ வேறு எதையுமோ பையோடு போடவேண்டாம். பொலித்தீன் தின்று இந்த மான்கள் செத்திருக்கின்றன.

மார்கழியில் வந்தால் இன்னொரு பாக்கியம் உண்டு. திருவாதிரைக்கு முந்திய திருவெம்பாவை நாட்களில் விடிய முன்னமே சங்கும் சேமக்கலமும் கேட்கும். அந்தக் குளிரில் எழும்பிக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள்?

மாரியில்தான் போகவேண்டும். நகரத்தில் இருந்து வடமேற்கே எட்டுக் கிலோமீற்றர் அளவு, அநுராதபுர வீதியில் போய்த் திரும்பவேண்டும். ஏழு சிறிய கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறுபடும். கோடை மதியத்தில் வெந்நீரை அள்ளித் தலையில் ஊற்ற யாருக்கு மனம் வரும்? தூறலில் நனைந்து நடுங்கிக்கொண்டு போய் முதல் வாளியை ஊற்றும்போது உடம்பே நன்றி சொல்லும். சவர்க்காரம், சம்பு போடக்கூடாது. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பது ஐதீகம். இறந்தவர்களுக்குக் கிரியை செய்ய இன்றும் குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் இருந்தால் சத்தத்தைக் குறைத்து, இடம் விட்டு நில்லுங்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் வெல்கம் விகாரையையும் பார்த்துவரலாம். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது, தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் தவறவிடக்கூடாத இடம்.

கொழும்பில் இருந்து வர எந்த வழி நல்லது?

குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் பெருவீதியே முக்கிய வழி; ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மாரியில் வழக்கமான நேரத்தோடு ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே காடு. பொழுதுபட்ட பிறகு யானை வீதிக்கு வரும். மழையில் கண்ணாடி மங்கி, சாம்பல் நிற யானை இருட்டோடு இருட்டாக நிற்பது பக்கத்தில் வரும்வரை தெரியாது. டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். ஆகவே கொழும்பில் அதிகாலையில் புறப்பட்டு, மதியம் தாண்டிய உடனே ஊருக்குள் வந்துவிடுவது நல்லது. யானைக்கூட்டம் பார்க்க மின்னேரியாவில் இறங்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். குளம் வற்றிய ஓகஸ்ட், செப்டெம்பரில்தான் அவை அங்கே கூடும். குளம் நிறைந்தால் கலைந்து போய்விடும்.

ரயில் பிடித்தவர்களுக்கு, கல் ஓயா சந்தியில் கிளை பிரிந்து கந்தளாய் வழியாக வரும் பாதை 1927-இல் இருந்து இருக்கிறது. வெள்ளத்தில் தண்டவாளத்தின் கீழ் மண் அரித்தால் சேவை நின்றுவிடும். புறப்படும் நாள் காலையில் நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வருபவர்கள் வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வாருங்கள். முல்லைத்தீவு, புல்மோட்டை வழி அழகானது, தூரமும் குறைவு. ஆனால் களப்புகளும் தாழ்நிலமும் நிறைந்தது. மழை ஓய்ந்து சில நாள் ஆன பிறகு அந்த வழியைப் பாருங்கள்.

மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போகலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மன்றாடிப் பதில் சொல்வது. மகாவலி, மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி வந்து மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. கண்டி, நுவரெலியா மலைகளில் கொட்டிய மழை ஒருநாள், இரண்டு நாள் கழித்து மூதூர், சேருவில, வெருகல் வயல்களுக்கு வந்து சேரும். அப்போது திருமலை நகரத்தில் நல்ல வெயில் எறித்துக்கொண்டிருக்கலாம். "மழையே இல்லையே, போய்வருவோம்" என்று புறப்படுகிறவர்கள் அகப்படுவது இப்படித்தான். எங்கள் வானத்தைப் பார்த்து மூதூர் வீதியைத் தீர்மானிக்க முடியாது. மலைநாட்டுச் செய்தியையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் மகாவலி எச்சரிக்கையையும் பாருங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் பட்ட துயரில் இந்தப் பகுதிக்கும் பெரும்பங்கு. மகாவலி பெருகி ஊர்கள் தண்ணீரில் மூழ்கின. அதற்குப் பிறகு யாரும் இந்த எச்சரிக்கையை மிகையென்று சொல்வதில்லை.

நல்ல நாளில் இது அருமையான பயணம். 2009-இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அதற்கு முன் வாகனங்களை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏற்றித்தான் கடக்கவேண்டும். மாரியில் அந்தப் பாதை நின்றால் அக்கரைக்காரருக்கு ஆஸ்பத்திரியும் இல்லை, சந்தையும் இல்லை. இப்போது துறைகள் எல்லாவற்றுக்கும் பாலம் வந்துவிட்டதால் வெள்ளம் இல்லாத நாளில் சுகமாகப் போய்வரலாம். வீதியை நீர் மூடியிருந்தால் மட்டும், முழங்கால் அளவுதான் தெரிந்தாலும், வாகனத்தை இறக்கவேண்டாம். கீழே வீதி இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேலே இருந்து தெரியாது. வெள்ளத்தோடு பாம்பும் முதலையும் ஊருக்குள் வரும் என்பதால் இறங்கி நடப்பதும் ஆகாது.

புயல் வந்தால் என்ன செய்வது?

ஒவ்வோர் ஆண்டும் வருவதில்லை. வந்தால் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் பெரும்பாலும் வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த அதே புயல் முதலில் திருமலையை அடித்துவிட்டுத்தான் போனது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு சிதைந்தது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி புரெவி எங்கள் மாவட்டத்தின் வடகரையில் ஏறியது.

புயலுக்குச் சில நாள் முன்னமே அறிவித்தல் வந்துவிடும். அறிவித்தல் வந்தால் கடற்கரை விடுதியில் இருப்பவர்கள் நகரத்துக்குள் கல்வீட்டுக்கோ மாடிக்கட்டடத்துக்கோ மாறுங்கள். அல்லது இரண்டு நாளுக்கு முன்பே ஊரை விட்டுப் புறப்படுங்கள். கடைசி நாளில் வீதியில் இருப்பது எல்லாவற்றிலும் மோசம். தண்ணீர், பிஸ்கட், மின்சூள், மருந்து, கைக்காசு எடுத்துவையுங்கள். மின்சாரம் போனால் அட்டை இயந்திரமும் போய்விடும். அடித்த காற்று திடீரென்று நின்று வானம் வெளித்தால் வெளியே வரவேண்டாம். புயலின் கண் தலைக்கு மேல் நிற்கிறது என்று பொருள். சற்று நேரத்தில் எதிர்ப்பக்கம் இருந்து மறுபடி அடிக்கும்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. பொலிஸ் 119. அம்புலன்ஸ் 1990, அதற்குக் கட்டணம் இல்லை.

எங்கே தங்கலாம்? உப்புவெளியா, நிலாவெளியா, நகரமா?

மாரியில் நகரம். கடலோர விடுதிகள் விலையைக் குறைத்திருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் சில மூடியிருக்கும், திறந்தவற்றில் சமையல்காரர் விடுமுறையில் போயிருப்பார். நனைந்த இரவில் சாப்பாடு தேடி நிலாவெளியில் இருந்து ஓட்டோ பிடிப்பது சிரமம். நகரத்தில் இறங்கி நடந்தால் கடை, கோயில், மருந்தகம், பஸ் நிலையம் எல்லாம் கிட்ட. அலை இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தூங்கவேண்டும் என்றால் உப்புவெளி பரவாயில்லை.

பதிவு செய்யும் முன் தொலைபேசியில் மூன்றைக் கேளுங்கள்: குசினி வேலை செய்கிறதா, ஜெனரேற்றர் இருக்கிறதா, முற்றத்தில் வெள்ளம் நிற்குமா. மூன்றாவது கேள்விக்குத் தயங்கிப் பதில் சொன்னால் வேறிடம் பாருங்கள்.

மீன் கிடைக்குமா? என்ன சாப்பிடலாம்?

கடல்மீன் குறையும், விலை ஏறும். கோடையில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் இருந்து வந்து வாடியடித்துத் தொழில் செய்தவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். எங்கள் ஊர் மீனவரும் கடல் விட்டால்தான் போவார்கள். அந்தக் குறையைக் குடாவும் குளமும் தீர்த்துவைக்கும். தம்பலகாமம் குடா நண்டும் இறாலும், குளத்து விராலும் வரும். நண்டுக் குழம்போடு சுடச்சுடப் பிட்டு சாப்பிட மழைநாளை விட வேறு நாள் எதற்கு? புல் செழிக்கும் காலம் என்பதால் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் எருமைத்தயிர் சட்டியோடு வாங்கலாம். ஜனவரியை ஒட்டிப் பனங்கிழங்கு வரும். அவித்து, நாரை உரித்து, மிளகும் உப்பும் தொட்டுத் தின்னுங்கள். வெள்ளம் வந்த நாட்களில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கவேண்டும்.

டெங்கு பயம் உண்டா?

உண்டு, உண்மையான பயம். மழை விட்டு வெயில் வரும் இடைவெளிகளில்தான் நுளம்பு பெருகும். 2017-இல் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறக்கவில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் இரவு வலை மட்டும் போதாது. காலையிலும் பின்னேரத்திலும் கை, கால் மூடிய உடுப்பும் பூச்சும் வேண்டும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை போடவேண்டாம். அஸ்பிரின், இபுபுறூஃபன் போன்றவை டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். "விட்டுவிட்டது" என்று பயணத்தைத் தொடரவேண்டாம். வயலிலோ தேங்கிய நீரிலோ புண்ணோடு நடந்தவர்கள் எலிக்காய்ச்சல் பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

டிசம்பர் 26 அன்று ஊரில் இருப்போம். ஏதாவது தெரிந்திருக்கவேண்டுமா?

2004-இல் சுனாமி வந்த நாள். இந்தக் கரையில் ஆளை இழக்காத மீனவக் கிராமம் குறைவு. காலையில் கடற்கரையில் விளக்கேற்றி, பூப்போட்டு அழுவார்கள். அன்றைக்குக் கடற்கரையில் பாட்டும் கூத்தும் வேண்டாம். அருகே நின்று கும்பிட விரும்பினால் யாரும் தடுக்கமாட்டார்கள்.

என்ன உடுப்பு?

சீக்கிரம் காயும் பருத்தி, ஒரு மழைக்கோட்டு, பிடிப்புள்ள செருப்பு. சப்பாத்து நனைந்தால் காயாது. கோயிலுக்கு ஒரு சோடி மாற்று உடுப்பைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். இரவில் மெல்லிய போர்வை வேண்டியிருக்கும், அவ்வளவுதான் குளிர்.

எத்தனை நாள் ஒதுக்கவேண்டும்?

கோடையில் இரண்டு நாளில் பார்ப்பதற்கு மாரியில் நாலு நாள் வையுங்கள். அதில் ஒரு நாளுக்குத் திட்டமே போடவேண்டாம். விமானம் பிடிக்கவேண்டியவர்கள் கடைசி இரவைக் கொழும்புக்குக் கிட்டக் கழிக்கவேண்டும். திருமலையில் இருந்து நேரே விமான நிலையம் என்று மாரியில் கணக்குப் போடக்கூடாது.

கந்தளாய்க் குளம் வான் பாய்வதைப் பார்க்கலாமா?

பாருங்கள், வரும் வழியிலேயே இருக்கிறது. பெரும்போக நெல் பச்சையாக நிற்க, குளம் விளிம்புவரை தளும்பி, வான்கதவால் நுரைத்து இறங்கும். வலசைப் பறவைகளும் வந்திருக்கும். ஆனால் வான் நீர் பாயும் வாய்க்காலில் இறங்கிக் குளிக்கவோ மீன்பிடிக்கவோ வேண்டாம்; கதவை இன்னும் உயர்த்தினால் நீர் ஏறும் வேகத்துக்கு ஓடித்தப்ப முடியாது. இதே குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20-ஆம் தேதி உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கட்டில் வாகனத்தை நிறுத்தி இறங்கிப் பார்ப்பவர்கள் மழைநாளில் வீதிப்பக்கமாகவே நில்லுங்கள், புல்சரிவில் இறங்கவேண்டாம். ஹபரணைக் காட்டை வெளிச்சத்தில் கடக்கவேண்டியவர்கள், திரும்பிப் போகும் நாளில் மூன்று மணிக்கு மேல் அங்கே நிற்கக்கூடாது.